தவணை தவறும் இடங்கள்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஐஸ் பேக் அடுக்கிய வாக்சின் கேரியர்கள் துணை சுகாதார நிலையங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் கிளம்பும். கிராம சுகாதார செவிலியர் முதல் நாளே எழுதிவைத்த பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். இந்த வாரம் யார் யாருக்கு எந்தத் தவணை என்று சொல்லும் அந்தப் பட்டியலைத் துறையில் எல்லோரும் ‘டியூ லிஸ்ட்’ என்றுதான் சொல்வார்கள்.

திருப்பூரின் பனியன் தொழிலில் புதன்கிழமைக்கு வேறு கணக்கு. சம்பளம் சனிக்கிழமை, லீவு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் எந்த நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் அந்த வாரச் சம்பளத்தில் துண்டு விழும். பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தைக்கிறவருக்கும் செக்கிங், கைமடி பார்க்கிற பெண்ணுக்கும் அரை நாள் லீவு என்று ஒன்று கிடையாது. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒன்றரை ஷிஃப்ட் ஓடும்போது லீவு கேட்பதற்கே வாய் வராது. பெண்டாவேலன்ட் ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வியாழனும் போச்சு. குழந்தைக்கு ஊசி போடுவதில் இந்தக் குடும்பங்களுக்குத் தயக்கம் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு நாள் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் வழியில் இருக்கிற சேவூர், இந்த இரண்டு கணக்குகளும் முட்டிக்கொள்ளும் ஊர். வாலீஸ்வரர் கோயில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கும் நிலக்கடலை ஏலம், சுற்றிலும் தோட்டங்கள் என்று பழைய கொங்கு ஊரின் முகம் ஒரு பக்கம். விசைத்தறி, நூல் மில், காலையிலும் இரவிலும் ஆள் ஏற்றி இறக்கும் பனியன் கம்பெனி வேன்கள் என்று திருப்பூரின் நீட்சி இன்னொரு பக்கம். லைன் வீடுகளில் தேனி, மதுரை, திருவண்ணாமலைக் குடும்பங்களும் இருக்கின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கக் குடும்பங்களும் இருக்கின்றன. இப்படி ஒரு லைன் வீட்டில் வளரும் பத்து மாதக் குழந்தை, அரசின் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பதிவேடு என்ற அளவில் தமிழ்நாடு இந்தியாவின் பல மாநிலங்களுக்கு முன்னால் நிற்கிறது. கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் ஒருவர் விடாமல் தொடர்ந்து கண்காணிக்க ‘பிக்மி’ என்ற கணினிப் பதிவை மாநிலப் பொது சுகாதாரத் துறை 2008இல் தொடங்கியது. அதற்கு முன்பும் பதிவு இருந்தது. செவிலியரின் மேசையில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, தாய்மார் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என்று கனத்த நோட்டுகள் அடுக்கியிருக்கும். ஆனால் அந்த நோட்டு அந்தத் துணை நிலையத்தின் எல்லையோடு முடிந்துவிடும். குழந்தை அடுத்த ஒன்றியத்துக்குப் போனால் நோட்டு கூடப் போகாது. பிக்மியில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. ஆர்.சி.எச். எண் என்று தாய்மார்களே சரளமாகச் சொல்லுமளவுக்கு அது ஊரில் பழகிவிட்டது.

அப்படிப் பழகியதற்கு இரண்டு காரணங்கள், இரண்டுமே நிர்வாகத் தந்திரம். முதலாவது பணம். 1987இல் 300 ரூபாயோடு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000, 2011இல் 12,000 என்று வளர்ந்து, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாயானது. அந்தத் தொகை மொத்தமாகக் கைக்கு வராது. மூன்றாம் தவணை பெண்டாவேலன்ட் முடிந்தால் ஒரு பகுதி, ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முடிந்தால் ஒரு பகுதி என்று தடுப்பூசியோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். பிறகு ஐந்து தவணைகள் மூன்றாகச் சுருங்கின. கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. தொகைகளும் மாதங்களும் மாறினாலும் ஊசிக்கும் பணத்துக்கும் இடையிலான உறவு மாறவில்லை.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். 2017க்குப் பிறகு பிறப்புப் பதிவு மென்பொருளையும் பிக்மியையும் இணைத்து, சான்றிதழுக்கு ஆர்.சி.எச். எண் வேண்டும் என்று வைத்தார்கள். தனியார் மருத்துவமனையில் கர்ப்பத்தைப் பார்த்துக்கொண்ட வசதியான வீட்டுப் பெண்ணும் அந்த எண்ணுக்காகச் செவிலியரிடம் வந்துதான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடப்பவை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 99.6 சதவீதம். ஆக, இந்த மாநிலத்தில் பிறக்கும் குழந்தை பதிவேட்டின் கண்ணில் படாமல் தப்புவது கடினம். தடுப்பூசிப் பதிவேட்டுக்கு இதைவிட நல்ல அஸ்திவாரம் கிடைக்காது.

இவ்வளவு இருந்தும் 2015–16இல் தமிழ்நாடு தலைகுனிந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வுகள், 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் எத்தனை பேருக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுதாகக் கிடைத்தன என்று வீடு வீடாகப் போய் அட்டையைப் பார்த்தும் தாயைக் கேட்டும் கணக்கெடுக்கின்றன. 1998–99இல் தமிழ்நாட்டின் எண் 88.8 சதவீதம். 2005–06இல் 80.9. 2015–16இல் 69.7. நாட்டின் சராசரி மேலே ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பொது சுகாதாரத்துக்குப் பேர் போன மாநிலம் கீழே இறங்கியது. அந்தக் காலத்தில் துறையின் சொந்தக் கணக்கு நூறை ஒட்டியே நின்றது என்பதுதான் வேடிக்கை.

இறக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலில் வருவது திருவள்ளூர். 2008 ஏப்ரல் 23 அன்று அந்த மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலம் அதிர்ந்தது. கிராமங்களில் செவிலியர் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவமனையிலும் மட்டுமே போட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. பாதுகாப்பு கருதிய முடிவு. அந்த நேரத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் வீட்டுக்கு அருகே கிடைத்துக்கொண்டிருந்த ஊசிக்காக பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. நாள் கூலிக்காரர்களின் குழந்தைகள்தான் முதலில் விடுபட்டிருப்பார்கள். கிராமத்தில் ஊசி போடுவது பிற்பாடு திரும்ப வந்தது. 2019–21 ஆய்வில் 89.2 சதவீதம் என்று எண்ணும் மீண்டது. அந்த ஆய்வில் நாட்டின் சராசரி 76.4.

இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாமல் உறுத்துவது இறக்கம் கூட இல்லை. வீடு வீடாகப் போன ஆய்வு எழுபதைக் காட்டும்போது, அலுவலக அறிக்கை எப்படி நூறைக் காட்டியது? பொய்க் கணக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் பொய்யே எழுதாமலும் அந்த நூறு வந்துவிடும். போட்ட ஊசிகளை மேலே வைத்து, இருக்க வேண்டிய குழந்தைகளைக் கீழே வைத்து வகுத்தால் சதவீதம். மேலே இருக்கும் எண்ணில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். கீழே இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது? மக்கள்தொகையைப் பிறப்பு வீதத்தால் பெருக்கி வருகிறது. மக்கள்தொகையோ 2011 சென்சஸிலிருந்து நீட்டியது. அந்த சென்சஸில் திருப்பூர் மாவட்டத்துக்கு 24.79 லட்சம் பேர். அதற்குப் பிறகு எத்தனை கம்பெனிகள் வந்தன, எத்தனை லைன் வீடுகள் எழுந்தன, கொரோனா ஊரடங்கில் எத்தனை பேர் ரயிலேறிப் போனார்கள், அதில் எத்தனை பேர் குழந்தைகளோடு திரும்பினார்கள்? 2021இல் எடுத்திருக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போய்விட்டது. ஆள் வரத்தும் போக்கும் குறைந்த மாவட்டத்தில் பழைய கணக்கு ஓரளவு ஓடும். திருப்பூரில் ஓடாது.

பெயர்வாரிப் பதிவேடு வந்ததே இந்த மதிப்பீட்டை ஒழிக்கத்தான். ஊரில் இத்தனை குழந்தைகள் இருக்கலாம் என்ற ஊகத்துக்குப் பதில், இன்னின்ன குழந்தைகள் இருக்கின்றன என்ற பட்டியல். இங்கேதான் யாரும் வெளியில் அதிகம் பேசாத ஒரு சிக்கல் முளைக்கிறது. ஒரு செவிலியரின் பட்டியலில் 60 குழந்தைகள், அதில் 57 பேருக்குத் தவணை முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீதம், மாதாந்தரக் கூட்டத்தில் நிம்மதியாக உட்காரலாம். அவர் ஒரு நாள் மில் குவார்ட்டர்ஸுக்குள் போய்ப் புதிதாகப் பத்துக் குழந்தைகளைக் கண்டுபிடிக்கிறார். நான்கு பேருக்கு எல்லாம் போட்டிருக்கிறது, ஆறு பேருக்கு இல்லை. நேர்மையாகப் பத்தையும் பட்டியலில் ஏற்றினால் 70க்கு 61, அதாவது 87 சதவீதம். பொது சுகாதாரத்தின் பார்வையில் அன்றைக்கு அவர் செய்ததுதான் அந்த வருடத்தின் மிகச் சிறந்த வேலை. ஆய்வுக் கூட்டத்தின் திரையில் அவர் பெயர் சிவப்பில் வரும்.

குழந்தையைக் கண்டுபிடித்ததற்குத் திட்டு வாங்க வைக்கும் பதிவேடு குழந்தைகளைக் கண்டுபிடிக்காது. மென்பொருளைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் கருத்து. புதிதாகச் சேர்ந்த பெயர்களை மூன்று மாதமாவது தனிக் கணக்கில் வைத்து, ‘கண்டுபிடித்தவை’ என்று அவருடைய பாராட்டுப் பத்தியில் காட்டலாம். அதற்கு ஒரு நிரல் மாற்றம் போதும், கூடவே ஒரு சுற்றறிக்கை.

குழந்தைகள் எப்படிக் கைநழுவுகின்றன என்று அருகில் போய்ப் பார்த்தால், முதல் காரணம் நம் வழக்கமே. தலைப்பிரசவம் தாய்வீட்டில். சேவூரில் வாழ்க்கைப்பட்ட பெண் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து உசிலம்பட்டிக்கோ செய்யாறுக்கோ போகிறாள். பதிவு இங்கே, பிரசவம் அங்கே. ஆறு, பத்து, பதினான்கு வாரத் தவணைகள் பெரும்பாலும் அங்கே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கூட்டிவருகிறார்கள். இந்தக் குழந்தை யாருடைய டியூ லிஸ்டில் இருக்க வேண்டும்? அங்கே இருக்கும் செவிலியர் ‘ஊருக்குப் போய்விட்டது’ என்று குறிக்கிறார். இங்கே இருப்பவர் கண்ணில் படும்வரை அது வரவில்லை. இரண்டு பட்டியல்களுக்கும் நடுவே சில வாரங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் கழிகின்றன. ஒன்பதாம் மாத ஊசி தள்ளிப்போவதற்கு அந்த வாரங்களே போதும். தமிழ்ச் சமூகத்துக்காக எழுதப்படும் பதிவேட்டில் ‘தாய்வீட்டு முகவரி, புகுந்தவீட்டு முகவரி, திரும்பும் மாதம்’ என்ற மூன்றும் கட்டாயப் புலங்களாக இருந்து, திரும்பும் மாதத்தின் முதல் தேதியில் தானாகவே இந்த ஊர்ப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத விஷயமா இது? ஐந்தாம் மாதமே எல்லா வீட்டிலும் தேதி பேசிவிடுகிறார்கள்.

வெளிமாநிலக் குழந்தையின் கதை இன்னும் சுற்று. ஒடியாவிலோ இந்தியிலோ அச்சான தாய் சேய் அட்டையைத் தாய் நீட்டுகிறாள். செவிலியருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கட்டங்களில் எழுதிய தேதிகள் எண்களில் இருக்கின்றன. ஊசிகளின் சுருக்கப் பெயர்கள் நாடு முழுவதும் ஒன்றேதான். கட்டங்களின் வரிசையும் கிட்டத்தட்ட ஒன்று. ஆக, அட்டை இருந்தால் ஐந்து நிமிடத்தில் குழந்தையின் வரலாறு கிடைத்துவிடும். அட்டை இல்லையென்றால் இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது பிறந்தபோது ஊசி போட்டதைச் சொல்லும். அதற்கு மேல் சொல்லாது. ‘ஊருக்குப் போய்ப் போட்டுக்கறோம் நர்சம்மா’ என்று உடைந்த தமிழில் வரும் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது? ஊருக்கு எப்போது போவார்கள் என்பது தீபாவளியையும் சத் பூஜையையும் கம்பெனி ஆர்டரையும் பொறுத்தது.

கணினியில் ஏற்றும்போது வேறு தொல்லை. பெயரின் எழுத்துக்கூட்டல் ஒரு மாநிலத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. குழந்தைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். தாயின் பெயரோடு ‘குழந்தை’ என்று பதிவு ஓடும். கொடுத்த போன் நம்பர் அப்பாவுடையதாகவோ, காண்டிராக்டருடையதாகவோ இருக்கும். ரீசார்ஜ் சலுகைக்காக சிம் மாற்றினால் அந்த நம்பரும் போச்சு. ஒரே குழந்தை இரண்டு எண்களில் பதிவாவதும், இரண்டு குழந்தைகள் ஒரே எண்ணில் ஒட்டிக்கொள்வதும் எல்லா நாட்டுப் பதிவேடுகளுக்கும் உள்ள நோய். அதைக் களைவதற்கென்றே ஆட்களை வைத்துக்கொள்கிற பதிவேடுகள்தான் நம்பகமாக இருக்கின்றன. நாமோ அந்த வேலையையும் செவிலியரின் இரவு நேரத்தில் தள்ளிவிட்டோம்.

மற்ற நாடுகளில் பதிவேடு பிறந்த விதம் இங்கே பயன்படும். அமெரிக்காவில் 1989 முதல் 1991 வரை தட்டம்மை மீண்டும் கிளம்பி 55,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெருநகரங்களின் ஏழைக் குழந்தைகளே அதிகம். ஊசி இருந்தது, மருத்துவர் இருந்தார், யாருக்குப் போடவில்லை என்பதுதான் எவருக்கும் தெரியாமல் இருந்தது. அதன் பிறகே மாநிலம் தழுவிய பதிவேடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மிச்சிகன் மாநிலப் பதிவேடு 1998இல் வந்தது. எல்லா மாநிலங்களும் ஒரே பாதையில் போகவில்லை. டெக்சாஸில் இன்றும் பெற்றோர் ஒப்புதல் கொடுத்தால்தான் பெயர் ஏறும்.

நமக்கு அதிகம் பொருந்துவது ஆஸ்திரேலியா. 1990களின் நடுவில் அங்கே குழந்தைகளில் பாதிப் பேருக்குத்தான் தடுப்பூசிகள் முழுதாக இருந்தன. 1996 ஜனவரியில் தேசியக் குழந்தைத் தடுப்பூசிப் பதிவேடு தொடங்கியது. தவணை முடித்த குடும்பத்துக்கு உதவித்தொகை, தன் பட்டியலில் உள்ள குழந்தைகளை முடித்துவைத்த மருத்துவருக்கு ஊக்கத்தொகை என்று இரு பக்கமும் பணத்தைக் கட்டினார்கள். 2000களின் தொடக்கத்தில் ஒரு வயதுக் குழந்தைகளில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டம் இதன் சகோதரிதான். வித்தியாசம் ஒன்று: தகவலைத் தரும் மருத்துவருக்கும் அங்கே பங்கு இருந்தது. இங்கே பதிவு செய்யும் செவிலியருக்குப் பணம் தாமதமானால் தாய்மாரின் ஏச்சு மட்டும்தான் பங்கு.

கணினியே இல்லாமலும் இது நடக்கும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. அங்கே குடும்ப நல உத்தியோகத்தர் என்ற மருத்துவமாது தன் பகுதியின் ஒவ்வொரு வீட்டையும் கைப்பதிவேட்டில் வைத்திருப்பார். தம்பதியர் சேர்ந்த நாளிலிருந்தே பதிவு தொடங்கிவிடும். மூன்றாம் தவணை முத்தடுப்பூசியில் அந்த நாடு பல்லாண்டுகளாக 99 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, அதுவும் போர்க்காலத்தைக் கடந்து. பதிவேட்டில் உயிர் இருப்பது யார் அதைத் திறந்து பார்த்து எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்பதில்தான் என்று தோன்றுகிறது.

தட்டினால் பலன் உண்டா? நினைவூட்டும் கடிதம், போன், குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பற்றிய சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, அவற்றால் தடுப்பூசி போட்டுக்கொள்வோர் சராசரியாக 8 சதவீதப் புள்ளி கூடுவதாகக் கணித்தது. குறைந்த செலவில் பெரிய லாபம். ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. ராஜஸ்தானின் உதய்பூரில் சேவா மந்திர் அமைப்போடு சேர்ந்து அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் குழுவினரும் நடத்திய சோதனை நம் நிலத்துக்கு நெருக்கமானது. ஒன்றும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். மாதாமாதம் தவறாமல் முகாம் நடத்திய கிராமங்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், முடித்தால் தட்டும் கொடுத்த இடங்களில் 39. ஒரு கிலோ பருப்புக்காகக் கொள்கையை விட்டுக்கொடுத்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவளுக்கு அந்த இழப்பில் சிறிதளவேனும் ஈடு செய்தார்கள்.

இனி ஒன்பதாம் மாதத்துக்குப் பிந்திய கதை. பிக்மி சிசுவோடு நிற்கும் பதிவு. அதன் ஆங்கிலப் பெயரிலேயே ‘சிசு’ என்ற சொல் இருக்கிறது. பணத்தின் கடைசித் தவணையும் ஒன்பதாம் மாதத்தோடு முடிகிறது, அதுவும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். பிறப்புச் சான்றிதழ் எப்போதோ கைக்கு வந்துவிட்டது. தடுப்பூசி அட்டவணையோ இன்னும் பாதி பாக்கி. 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பூசி, போலியோ ஊக்கத் தவணைகள். ஐந்து வயதில் மறுபடி முத்தடுப்பூசி. பத்திலும் பதினாறிலும் டி.டி. எந்தத் தாய்க்கும் இவற்றுக்காக வரிசையில் நிற்க அரசு கொடுக்கும் காரணம் எதுவும் இல்லை. நாடு முழுவதும் தட்டம்மையின் முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடையே பெரிய பள்ளம் இருப்பதைக் குடும்ப நல ஆய்வே காட்டுகிறது. தட்டம்மையைத் தடுக்க 95 சதவீதம் பேருக்கு இரண்டு தவணையும் வேண்டும். முதல் தவணையில் 95ஐத் தொட்டுவிட்டுக் கைதட்டுவது பாதிக் கிணறு தாண்டியதற்குச் சமம்.

அதன் விலை என்னவென்று பார்க்க சேவூரிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். 2018இல் சத்தியமங்கலம் மலைக் கிராமங்களில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) வந்தது. நோய் கைக்குழந்தைகளை விடப் பள்ளி வயதுப் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கியது. சிறுவயதில் போட்ட ஊசியின் வலு குறைந்து, ஊக்கத் தவணை போடாமல் விட்ட வயது அது. மும்பையில் 2022 இறுதியில் கோவண்டி போன்ற நெரிசல் பகுதிகளில் தட்டம்மை பரவியபோதும் நோய் தேடிப்போனது இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களைத்தான். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் தங்கும் லைன் வீடுகள் திருப்பூர்ப் பக்கம் எவ்வளவு இருக்கின்றன என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பதிவேட்டின் கை நீள வேண்டும். பள்ளிச் சேர்க்கை ஓர் இயல்பான கொக்கி. முதல் வகுப்பில் சேர்க்கும்போது தடுப்பூசி எண்ணைக் கேட்டால் போதும். ஆனால் ஊசி இல்லையென்று சேர்க்கையை மறுப்பதை நான் ஏற்க மாட்டேன். விடுபட்ட குழந்தைக்குப் படிப்பும் விடுபடும். எண்ணைக் கேட்டு, பாக்கித் தவணையைப் பட்டியலில் ஏற்றி, பள்ளிக்கே செவிலியரை அனுப்பினால் வேலை முடியும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கும் பிள்ளைகளின் பட்டியலோடு பிக்மி பட்டியலை ஒப்பிட்டாலே ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர்கள் கிளம்பி வரும்.

இப்போது மத்திய அரசின் யு–வின் வந்திருக்கிறது. 2021இல் கொரோனா தடுப்பூசிக்காக வந்த கோவின் தளத்தின் பாணியில் அமைந்தது. 2023இல் 65 மாவட்டங்களில் சோதித்து, 2024 அக்டோபர் 29 அன்று பிரதமர் முறைப்படி தொடங்கிவைத்தார். கர்ப்பிணிகளும் 16 வயது வரையிலான பிள்ளைகளும் இதில் அடங்குகிறார்கள். நாட்டில் எங்கே போட்டாலும் அதே எண்ணில் பதிவு, அடுத்த தவணைக்குக் குறுஞ்செய்தி, கியூஆர் சான்றிதழ். ஒடிசாவில் பிறந்து சேவூரில் வளரும் குழந்தைக்கு இதுதான் வேண்டும், சந்தேகமில்லை. ஒரு ஊசியும் போடாத குழந்தைகள் இந்தியாவில் 2023இல் 16 லட்சம், 2024இல் 9 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து தரும் மதிப்பீடு. எஞ்சியிருக்கும் அந்த லட்சங்களில் எத்தனை பேர் ரயில் பயணத்தில் இருக்கிறார்கள் என்று தேடுவதற்கு மாநில எல்லையைத் தாண்டும் பதிவேடு தேவை.

சந்தேகம் வேறு இடத்தில். பிக்மியில் ஒரு முறை, யு–வினில் ஒரு முறை, நோட்டில் ஒரு முறை, அட்டையில் ஒரு முறை என்று ஒரே ஊசியை நான்கு இடத்தில் எழுத வேண்டியவருக்குக் கதவைத் தட்ட நேரம் எங்கே இருக்கும்? மாநிலத்தில் 8,713 துணை சுகாதார நிலையங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அந்த ஐயாயிரம் எப்போதோ இரட்டித்த இடங்களும், பணியிடம் காலியாகப் பக்கத்து நிலையத்துச் செவிலியரே இரண்டையும் பார்க்கும் இடங்களும் உண்டு. பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அரசுகளின் வேலை. அந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை இடையில் தட்டச்சு செய்கிறவராகச் செவிலியரை வைத்திருப்பது நியாயமில்லை. தனியார் குழந்தை மருத்துவர்களும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். மேஸ்திரி, டைலர் குடும்பங்கள்கூடக் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்ளும் ஊரில், அவர்கள் போடுவது பதிவாகாமல் போனால் முடித்த குழந்தையும் பாக்கிப் பட்டியலில் நிற்கும். செவிலியர் அந்த வீட்டுக்கு வீணாக நடப்பார்.

தகவல் பாதுகாப்பையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2023 ஜூனில் கோவின் தகவல்கள் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்தது; தளத்தை நேரடியாக யாரும் உடைக்கவில்லை என்று அரசு மறுத்தது. மறுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆதார் கேட்டாலே வேறு எதற்கோ பிடிக்கிறார்கள் என்று பயப்படும் வெளிமாநிலத் தாய்க்கு, ஆதார் இல்லாமலும் குழந்தைக்கு ஊசி உண்டு என்று அவள் மொழியில் லைன் வீட்டுச் சுவரில் எழுதிவைப்பது எந்த மறையாக்கத்தையும் விட அதிகம் உதவும்.

மறுபடி புதன்கிழமைக்கு வருவோம். டியூ லிஸ்ட் இருந்தால் அதிலிருந்து கிடைக்கும் முதல் பலன் ஊசிக் குப்பியிலேயே தெரியும். தட்டம்மை–ரூபெல்லா மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான். மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வீணாகுமே என்று கை தயங்கி, ‘அடுத்த வாரம் வாங்க கண்ணு’ என்று அனுப்பிவிடுவதும் நடக்கும். இன்றைக்கு ஐந்து பேர் வருவார்கள் என்று பட்டியல் சொன்னால் அந்தத் தயக்கம் இருக்காது.

அதே பட்டியலைத் தொழிற்சாலைவாரியாகப் பிரித்தால் இன்னொன்றும் செய்யலாம். எந்த மில் குவார்ட்டர்ஸில், எந்த லைன் வீட்டில் பாக்கித் தவணைகள் குவிந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். பத்துக்கு மேல் குவிந்த இடத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வாக்சின் கேரியர் போக வேண்டும். அந்த ஞாயிறு வேலைக்கு ஈடாகச் செவிலியருக்கு வாரநாளில் கட்டாய விடுப்பு வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது மாதமே இது நின்றுவிடும். ஞாயிறும் முடியாத கம்பெனிகளில் புதன்கிழமை காலை இரண்டு மணி நேரம் சம்பளத்தோடு அனுமதி கொடுக்கச் சொல்லலாம். ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது பெரிய சுமையாகாது; வெளிநாட்டு பையரின் தணிக்கைப் படிவங்களில் எத்தனையோ நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தானே. ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டுகளில் எந்தப் படிவமும் கிடையாது. அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் ஒரே வழி. அவிநாசி ஒன்றியத்தில் ஒரு காலாண்டுக்கு இதைச் செய்து பார்க்கத் தலைமைச் செயலகத்தின் அனுமதிகூட வேண்டியிருக்காது. வட்டார மருத்துவ அலுவலரும் மாவட்ட சுகாதார அலுவலரும் கையெழுத்திட்டால் போதும், ஒரு வாகனத்துக்கு டீசலும்.